ஓலமும் திகம்பரமும்

கார்வேட்டிநகரம் என்னும் பெயர் 'காடுவெட்டிநகரம்' என்பதன் திரிபு என்று ஊரார் கூறுவர். காட்டை வெட்டி ஊராக்கிய அரசர்களின் தலைநகரில் வேணுகோபாலசுவாமிக்குக் கோயில் எழுந்தது. அப்பெருமானின் பெயரையே முத்திரையாக வைத்துச் சாரங்கபாணி என்னும் புலவர் இவ்வூர் அரசவையில் இருந்து தெலுங்கில் பதங்கள் பாடினார். அப்பதங்களின் தனிச்சிறப்பு யாதெனில், அவற்றுள் பல பண்டிதர் மொழியில் அமையாமல் மக்கள் வாய்மொழியில் அமைந்தமையே. காதலும் ஊடலும் ஏச்சும் எள்ளலும், வீட்டிலும் வீதியிலும் எப்படிப் பேசப்பட்டனவோ அப்படியே அவற்றுள் வந்து அமர்ந்தன.

இதனை முதற்கண் கூறுவதற்குக் காரணம் உண்டு. தமிழ் பேசும் வீட்டிலிருந்து தெலுங்கு பேசும் தெருவுக்கு நாள்தோறும் படியிறங்கி நடப்பவர்கள் நாம். நெசவுக்கும் வணிகத்துக்கும் பள்ளிப் பணிக்குமாக இப்பகுதிக்கு வந்து வேரூன்றிய குடும்பங்களின் மலரில், அமெரிக்க நாட்டுப் 'பீட் தலைமுறை'க் கவிஞர்களைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்றே கருதுகிறோம். அக்கவிதையின் பாட்டனாரைப் பாரதியார் அறிந்திருந்தார். அக்கவிஞர்களுள் ஒருவர் திருவண்ணாமலைக்கு வந்து சென்றார். அவர்கள் எழுப்பிய ஓலத்தை ஒத்ததோர் ஓலம், நாம் நாளும் கேட்கும் தெலுங்கு மொழியிலேயே 1965-ஆம் ஆண்டில் எழுந்தது. அத்தெலுங்குக் கவிதையை நம்முள் எத்தனை பேர் படித்தோம் என்பதே நம் நெஞ்சை உறுத்தும் கேள்வி. அதற்கு வருமுன் அமெரிக்காவைச் சற்றே சுற்றி வருதல் வேண்டும்.

'பீட்' என்றதும் நீண்ட முடியும் அழுக்கேறிய ஆடையும் கஞ்சாப் புகையுமே பலருக்கு நினைவுக்கு வரும். அது செய்தித்தாள்கள் வரைந்த படம். இச்சொல்லை ஒரு தலைமுறைக்குப் பெயராக 1948-இல் முதலில் வழங்கியவர் ஜாக் கெரவாக் என்னும் நாவலாசிரியர். அடிபட்டுக் களைத்தவன் என்பது அச்சொல்லின் தெருவழக்குப் பொருள். ஜாஸ் இசையின் தாளத்தையும் அது குறிக்கும். பின்னாளில் கெரவாக் அதற்குப் 'பேரின்பம் பெற்றவன்' என்னும் சமயப் பொருளையும் ஏற்றினார். இம்மூன்றையும் தாங்கும் ஒரு சொல் தமிழில் உண்டா எனத் தேடினால், 'அடி' என்னும் சிறு சொல் நம்மை வியக்க வைக்கிறது. பட்ட அடியும் அடி, இறைவன் திருவடியும் அடி, செய்யுளின் வரியும் அடி. ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத ஒரு பொருளையும் நம் சொல் சேர்த்தே தருகிறது.

யாரால் அடிபட்டார்கள்? இரண்டாம் உலகப் போரில் வென்ற நாடல்லவா அமெரிக்கா? 1944-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்கீழ், போரிலிருந்து திரும்பிய வீரர்களுள் சுமார் 78 இலட்சம் பேர் அரசின் செலவில் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். நியூயார்க்குக்கு அருகே லெவிட்டவுன் என்னும் புதுநகரில் 1947-க்கும் 1951-க்கும் இடையில், அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரியான வீடுகள் 17,000-க்கு மேல் கட்டப்பட்டன. வீடு, மோட்டார் வண்டி, தொலைக்காட்சிப் பெட்டி என யாவும் வந்தன. கூடவே அச்சமும் வந்தது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் போட்ட குண்டு என்றேனும் தம் தலையிலும் விழும் என்ற அச்சம் ஒருபுறம். அண்டை வீட்டுக்காரன் பொதுவுடைமைக்காரனோ என்ற அச்சம் மறுபுறம். 1947-இல் அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணை பிறந்தது. 1950 முதல் செனட்டர் மெக்கார்த்தி அந்த அச்சத்தையே தம் அரசியலுக்கு முதலாக்கிக் கொண்டார். எல்லாம் கிடைத்த நாட்டில் வாய்திறந்து பேசுவது மட்டும் அரிதாயிற்று.

லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியின் வாழ்க்கையில் இவ்விரு முகங்களும் ஒருங்கே தோன்றுகின்றன. கடற்படை அதிகாரியாக இருந்த அவர், குண்டு விழுந்த சில வாரங்களில் நாகசாகியின் இடிபாடுகளை நேரில் கண்டார். அக்காட்சி தம்மைப் போர் எதிர்ப்பாளர் ஆக்கியது என்று பிற்காலத்தில் பலமுறை கூறினார். அதே மனிதர், போர்வீரர்க்கான அரசு உதவியைப் பெற்றுப் பாரிசில் முனைவர் பட்டமும் பெற்றார். திரும்பி வந்து சான்பிரான்சிஸ்கோவில் 1953-இல் ஒரு புத்தகக் கடையைத் தொடங்கிப் பின்னர்ப் பதிப்பகமும் நடத்தினார். அரசு படிக்க வைத்த ஒருவரே அரசு அஞ்சிய நூலை அச்சிட்டார்.

அந்நூல் ஆலன் கின்ஸ்பர்க் எழுதிய 'ஹௌல்'. தமிழில் ஓலம் எனலாம். நரியின் ஊளை என்பதே இன்னும் நெருங்கிய பொருள். 1926-இல் நியூஜெர்சி மாநிலத்தில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் கின்ஸ்பர்க். தந்தை மரபுக்கவிஞரும் பள்ளி ஆசிரியரும் ஆவார். தாய் நவோமி பொதுவுடைமைக் கொள்கையினர். மனநோயால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் வாடினார். கின்ஸ்பர்க்கும் 1949-இல் சில மாதங்கள் ஒரு மனநல நிலையத்தில் இருக்க நேர்ந்தது. அங்கே அவர் சந்தித்த கார்ல் சாலமன் என்பவருக்கே பின்னாளில் 'ஹௌல்' காணிக்கையாயிற்று. யாரைப் பித்தர் என்று ஊர் ஒதுக்கியதோ அவர்களே தம் தலைமுறையின் மேலான உள்ளங்கள் என்பது அப்பாட்டின் உட்கருத்து. 'பித்தா' என்றழைத்தே பாடத் தொடங்கிய சுந்தரரை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று.

1955-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் இரவு, மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் கொட்டிலாக முன்பு இருந்த ஓர் ஓவியக்கூடத்தில் ஐந்து கவிஞர்கள் தம் கவிதைகளைப் படித்தனர். கின்ஸ்பர்க் 'ஹௌல்' கவிதையின் முதற்பகுதியைப் பாடுவதுபோல் படித்தார். கெரவாக் மதுக்குப்பியைக் கையிலேந்தி அவையைச் சுற்றி வந்து ஊக்கினார். ஒரு வரியை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பது, மூச்சு முடியும் இடத்தில் வரியை முடிப்பது என்பதே அக்கவிதையின் யாப்பு. ஏட்டிலே கண்ணால் படிக்கும் பொருளாகக் கல்லூரிப் பேராசிரியர்கள் ஆக்கியிருந்த கவிதை, மீண்டும் காதுக்கும் வாய்க்கும் உரியதாயிற்று. கதாகாலட்சேபமும் தெருக்கூத்தும் புரகதையும் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்கு இது ஒரு புரட்சியாகத் தோன்றாது. அச்சு இயந்திரத்தின் ஆட்சிக்கு முழுதும் உட்பட்டுவிட்ட ஒரு நாட்டில்தான் அது புரட்சி.

நூல் 1956-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் அச்சாகி வந்த படிகளுள் 520 படிகளை 1957 மார்ச்சில் சுங்கத்துறை கைப்பற்றியது. பின்னர் ஆபாச நூல் விற்றதாகப் பதிப்பாளர் ஃபெர்லிங்கெட்டியின் மீதும் கடைப் பணியாளர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அக்டோபரில் நீதிபதி கிளேட்டன் ஹார்ன், சமுதாயத்துக்குச் சிறிதேனும் பயன் தரும் கருத்துடைய நூலை ஆபாசம் என்று ஒதுக்க இயலாது எனத் தீர்ப்பளித்தார். இலக்கிய வல்லுநர் ஒன்பது பேர் நீதிமன்றத்தில் நூலுக்கு ஆதரவாகச் சாட்சி கூறினர்.

இவ்விடத்தில் ஒரு சொல். ஆபாச வழக்கு என்றதும் அது மேனாட்டுக் கேடு என்று நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி என்னும் அம்மையார் 'ராதிகா சாந்தவனமு' என்ற தெலுங்குக் காவியத்தைப் பாடினார். தமிழ் மண்ணில் பிறந்த அத்தெலுங்கு நூலைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே ஆங்கில அரசு அதனைத் தடைசெய்தது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் அத்தடை நீங்கிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு காவியம் குற்றவாளிக் கூண்டில் நின்றது. அமெரிக்க நீதிமன்றமோ சில மாதங்களில் கவிதையை விடுவித்தது. நூலைத் தடுக்குமாறு வேண்டியவர்களுள் நம் நாட்டு அறிஞர்களும் இருந்தனர் என்பதை எண்ணும்போது, குறை ஆங்கிலேயனுடையது மட்டுமன்று என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கின்ஸ்பர்க்கின் நீண்ட வரிகளுக்கு மூலம் வால்ட் விட்மன். 1855-இல் 'புல்லின் இதழ்கள்' என்னும் நூலை வெளியிட்டு, எதுகை மோனை ஒத்த ஆங்கில யாப்பைத் துறந்து, குடியானவனையும் படகோட்டியையும் கவிதைக்குள் அழைத்து வந்தவர் அவர். அவரைத் தமிழுக்கு அறிமுகம் செய்தவர்களுள் முன்னோடி பாரதியார். விட்மனைப் பற்றித் தனியே கட்டுரை எழுதியதோடு, தாமே வசன கவிதையும் எழுதிப் பார்த்தார். ந. பிச்சமூர்த்தியும் விட்மனின் நூலைப் படித்ததே தம்மை யாப்பில்லாக் கவிதைக்குத் தூண்டியது என்றார். ஆகவே தமிழ்ப் புதுக்கவிதையும் அமெரிக்கப் பீட் கவிதையும் ஒரே பாட்டன் வழிப் பேரப்பிள்ளைகள். நம் பேரன் 1930-களிலேயே நடக்கத் தொடங்கிவிட்டான் என்பது நமக்குச் சற்றுப் பெருமை தரும் செய்தி.

கின்ஸ்பர்க்கின் படைப்புகளுள் 'ஹௌல்' பெரும்புகழ் பெற்றது. எனினும் 1961-இல் வெளிவந்த 'கடிஷ்' அதனினும் ஆழமானது என்பது எம் துணிபு. 1956-இல் மனநோய் மருத்துவமனையில் இறந்த தாய்க்கு, யூதர் முறைப்படி இறந்தோர்க்காக ஓதும் வழிபாட்டுரையின் பெயரில் பாடிய இரங்கற்பா அது. தாயின் நோயையும் அச்சத்தையும் மானத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறது. முற்றும் துறந்த பட்டினத்தார் தாயின் சிதைக்குத் தீமூட்டும்போது பாடிய பாடல்களைக் கேட்டு வளர்ந்தோர் 'கடிஷ்' கவிதையைப் படித்தால், சமயமும் கண்டமும் வேறாயினும் அந்தத் தீயின் சூடு ஒன்றே என உணர்வர்.

இவர்களிடம் குறைகளும் இல்லாமலில்லை. போதைப்பொருளை ஞானத்துக்குக் குறுக்குவழி எனக் கருதிப் பலர் தம் உடலைக் கெடுத்துக் கொண்டனர். கெரவாக் குடியால் ஈரல் கெட்டு 1969-இல் தம் 47-ஆம் வயதில் மறைந்தார். வில்லியம் பரோஸ் 1951-இல் மெக்சிகோவில் குடிமயக்கத்தில் தம் மனைவியைச் சுட்டுக் கொன்ற கொடுமையை, இலக்கியத்தின் பெயரால் யாரும் மழுப்பிவிடலாகாது. சாலையில் அலைந்து திரிந்த அவர்களது விடுதலை பெரும்பாலும் ஆண்களுடைய விடுதலையே. அவர்களோடு இருந்த பெண்களுள் டயான் டி பிரிமா, ஜோன் கைகர் போன்றோர் எழுதியவை நெடுங்காலம் பின்வரிசையிலேயே வைக்கப்பட்டன.

ஜோன் கைகரைக் குறிப்பிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அவரும் அவர் கணவர் கேரி ஸ்னைடரும் ஜப்பானிலிருந்து கப்பலேறி, 1961-இன் இறுதியில் இலங்கை வந்து, அங்கிருந்து தமிழகத்துக்கு வந்தனர். ஸ்னைடர் இளமையில் மரம் வெட்டும் முகாமில் உழைத்தவர். அத்தொழிலைப் பற்றியே கவிதைகள் எழுதியவர். காடுவெட்டிநகரத்தார் அறிந்து மகிழத்தக்க செய்திதான் இது! ஜப்பானில் ஜென் பௌத்தம் பயின்ற அவர், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தையும் திருவண்ணாமலை ரமணாசிரமத்தையும் கண்டுவிட்டே வடக்கு நோக்கிச் சென்றார். இருவரும் அப்பயணத்தைப் பற்றி எழுதிய குறிப்புகள் பின்னர் நூல்களாயின. கைகரின் நாட்குறிப்பில் தத்துவம் குறைவு. வயிற்று வலியும் புழுதியும் கணவர்பால் கொண்ட எரிச்சலும் மிகுதி. அதனாலேயே அது நம்பத்தக்கதாக இருக்கிறது.

கின்ஸ்பர்க் தம் நண்பர் பீட்டர் ஆர்லவ்ஸ்கியுடன் 1962 பிப்ரவரியில் பம்பாயில் வந்திறங்கி, தில்லியில் ஸ்னைடர் தம்பதியரைச் சந்தித்தார். நால்வரும் இமயமலைப் பகுதிகளுக்குச் சென்று தலாய் லாமாவைக் கண்டனர். பின்னர்க் கின்ஸ்பர்க் கல்கத்தாவில் பல மாதங்களும், அவ்வாண்டு இறுதி முதல் காசியில் அடுத்த கோடை வரையும் தங்கினார். நீம்தலா சுடுகாட்டிலும் மணிகர்ணிகைத் துறையிலும் இரவிரவாக அமர்ந்து பிணம் எரிவதைப் பார்த்தார். அந்நாட்களின் குறிப்புகள் 1970-இல் அச்சாயின.

அமெரிக்கர் ஒருவர் மெய்ப்பொருள் தேடி இங்கு வந்தது புதுமையன்று. நெடுங்காலம் நம் மாவட்டத்தோடு இணைந்திருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் அமர்ந்து, குருவே வேண்டாம் என்று அமெரிக்கர்க்குப் பல்லாண்டு எடுத்துரைத்தார். அவர்களோ குருவைத் தேடி இந்தியாவுக்கு ஓடிவந்தனர்! கார்வேட்டிநகரத்துக்கு அருகிலுள்ள நாராயணவனத்தில் சொரக்காய் சுவாமி என்னும் சித்தரின் சமாதி இருப்பதை நாம் அறிவோம். சுரைக்காயைச் சுமந்து ஊர் ஊராய்த் திரிந்த அப்பெரியாரைத் தமிழரும் தெலுங்கரும் ஒருசேர வணங்குகின்றனர். ஊரற்றுத் திரிபவனிடம் உண்மை இருக்கலாம் என்னும் நம்பிக்கை நம் மண்ணில் இயல்பாக உள்ளது. கின்ஸ்பர்க் அதனைத்தான் தேடி வந்தார். ஆயினும் அவர் சுடுகாட்டைப் பார்த்த அளவுக்குச் சோற்றுக்கடை வரிசையைப் பார்த்தாரா என்ற ஐயம் நமக்கு உண்டு.

அவ்வரிசையில் நின்றவர்களே பாட்னாவிலும் கல்கத்தாவிலும் வேறொரு குரல் எழுப்பினர். 1961 நவம்பரில், கின்ஸ்பர்க் இந்தியா வருவதற்கு முன்பே, மலய் ராய்சௌதுரியும் நண்பர்களும் 'பசித்த தலைமுறை' என்ற பெயரில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஆதலின் அவர்கள் அமெரிக்கரைப் பார்த்து எழுதியோர் என்பது பொருந்தாது. 1964 செப்டம்பரில் அவர்களுட் சிலர் கைதாயினர். மலய் எழுதிய ஒரு கவிதை ஆபாசமெனத் தீர்ப்பாகி 200 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. 1967-இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இனி, நம் தெருவின் மொழிக்கு வருவோம். தெலுங்குக் கவிதை மரபின் அலங்காரச் சுமையை முதன்முதல் வன்மையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர், சித்தூரைச் சேர்ந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. 'கவித்துவ தத்துவ விசாரமு' என்னும் அவரது நூல் பண்டிதருலகில் பெரும் சினத்தைக் கிளப்பிற்று. அதன்பின் ஸ்ரீஸ்ரீ வந்தார். 1950-இல் நூலாக வெளிவந்த அவருடைய 'மகாப்ரஸ்தானம்' தெலுங்குக் கவிதையைத் தொழிலாளியின் பக்கம் திருப்பியது. அவர் சென்னையில் வாழ்ந்து திரைப்பாடல் எழுதிப் பிழைத்தார் என்பதும், 1983-இல் அந்நகரிலேயே மறைந்தார் என்பதும் நினைக்கத்தக்கவை. தெலுங்கின் புரட்சிக்கவி தமிழர் நடுவே குடிபெயர்ந்தவராய் வாழ்ந்தார், இங்கே நாம் வாழ்வது போலவே.

ஸ்ரீஸ்ரீயின் அனலும் ஆறிவிட்டது என்று கருதிய இளைஞர் அறுவர் 1965-இல் தோன்றினர். அவர்கள் தம் பெற்றோர் இட்ட பெயர்களையும் சாதிப் பட்டங்களையும் களைந்து நக்னமுனி, நிகிலேஸ்வர், ஜ்வாலாமுகி, செரபண்டராஜு, பைரவய்யா, மகாஸ்வப்னா எனப் பெயர் பூண்டனர். திகம்பர கவுலு, அதாவது திசையையே ஆடையாக உடுத்த கவிகள், என்று தம்மை அழைத்துக் கொண்டனர். ஆடை என்று அவர்கள் கருதியது துணியை அன்று. சாதி, பட்டம், போலி நாகரிகம், பொய்ச்சொல் ஆகியவற்றையே. ஆண்டுக்கும் பருவங்களுக்கும் வாரநாட்களுக்கும் கூடப் புதுப்பெயர் வைத்தனர். மரபை உடைக்க வந்தோர்க்கும் ஒரு பஞ்சாங்கம் வேண்டியிருந்தது கண்டு புன்னகை செய்வதில் தவறில்லை.

அவர்களுடைய முதல் தொகுதி 1965 மே மாதத்தில் ஹைதராபாத் நகரில் நள்ளிரவில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் அமைச்சரல்லர், துணைவேந்தரல்லர்; ஒரு ரிக்ஷாத் தொழிலாளி. இரண்டாம் தொகுதியை 1966 டிசம்பரில் விஜயவாடாவில் உணவு விடுதித் தொழிலாளி ஒருவர் வெளியிட்டார். மூன்றாவதை 1968 செப்டம்பரில் விசாகப்பட்டினத்தில் வெளியிட்டவர் பிச்சையெடுத்து வாழ்ந்த ஒரு பெண்மணி. பொன்னாடைகளையும் மாலைகளையும் எண்ணி விழா நடத்தும் நம் சங்கங்கள், இந்த மூன்று பேரையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

திறனாய்வாளர் பலர் இவர்களைப் பீட் கவிஞர்களோடும் வங்கத்துப் பசித்த தலைமுறையோடும் ஒப்பிட்டனர். மேனாட்டைப் பார்த்து ஆடியவர்கள் என்று இகழ்ந்தோரும் உண்டு. சொல்லின் வெறியில், மறைக்காமல் உரைக்கும் துணிவில், மேடையில் உரக்கப் படித்த முறையில் ஒப்புமை உண்டு என்பது உண்மையே. ஆனால் சினத்தின் பிறப்பிடம் வேறு. அமெரிக்க இளைஞன் நிரம்பி வழிந்த வீட்டிலிருந்து ஓடினான். தெலுங்கு இளைஞன் வெறுமையான வீட்டில் நின்றான். 1962-இல் சீனப் போர், 1965-இல் பாகிஸ்தான் போர், தொடர்ந்து இரண்டு ஆண்டுப் பஞ்சம். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள், உருக்காலை கேட்டுப் போராடிய மக்கள்மீது விசாகப்பட்டினத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது.

அதே 1966-இல் இந்தியா சுமார் ஒரு கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. ரேஷன் கடையில் சாக்குப்பையோடு நின்று அக்கோதுமையை வாங்கிய நினைவு நம் குடும்பங்களில் மூத்தோர் பலருக்கு இருக்கும். கின்ஸ்பர்க்கின் நாட்டில் விளைந்து மிஞ்சி, அவரைத் திகட்டச் செய்த செல்வத்தின் ஒரு பிடியே கப்பலேறி வந்து திகம்பரக் கவிகளின் நாட்டில் மானம் கெட்ட உணவாயிற்று. இரு சினங்களும் ஒரே கோதுமையின் இரு முனைகள்.

ஆகவே அவை சென்ற திசைகளும் எதிரெதிராயின. கின்ஸ்பர்க் காசியிலிருந்து ஆர்மோனியத்தோடும் மந்திரங்களோடும் திரும்பினார். 1968-இல் சிகாகோ நகரில் வியட்நாம் போரை எதிர்த்த கூட்டத்தைக் காவலர் தாக்கியபோது, பூங்காவில் அமர்ந்து ஓங்காரம் ஓதினார். இங்கோ, எந்த மந்திரமும் மடமும் தம்மைக் காவாது என்று கண்ட திகம்பரர், அவர் தேடி எடுத்துச் சென்ற அதனையே உதறித் தள்ளினர். அவர்களுள் நால்வர், 1970 ஜூலை 4-ஆம் நாள் ஸ்ரீஸ்ரீயைத் தலைவராகக் கொண்டு பிறந்த புரட்சி எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தனர். பைரவய்யாவும் மகாஸ்வப்னாவும் சேரவில்லை. 1971-இல் நிகிலேஸ்வர், ஜ்வாலாமுகி, செரபண்டராஜு மூவரும் தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டனர். பள்ளி ஆசிரியரான செரபண்டராஜு வேலையும் இழந்து, மூளைப் புற்றுநோயால் 1982-இல் மறைந்தார். அவர்களுடைய அரசியல் முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. தாம் எழுதிய வரிக்குத் தம் சோற்றை ஈடாக வைத்தவர் அவர் என்பதை மறுக்க இயலாது.

தமிழில் ஏன் இத்தகைய ஓலம் எழவில்லை? இது பலகாலும் நம்மை வருத்தும் வினா. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' இதழில் புதுக்கவிதை தழைத்தது. 1962-இல் 24 கவிஞர்களின் 'புதுக்குரல்கள்' தொகுதி வந்தது. ஆயின் அங்கு நிகழ்ந்த போர் பெரிதும் யாப்பைப் பற்றியது. யாப்பில்லாதது கவிதையாகுமா என்று பண்டிதர் கேட்க, ஆகும் என்று இவர்கள் மெய்ப்பித்துக் கொண்டிருந்தனர். குரல் உள்நோக்கித் திரும்பிய மென்குரல். சமுதாயச் சினமோ வேறு வாய்க்காலில் ஓடிற்று. திராவிட இயக்க மேடையும் நாடகமும் திரைப்படமும் அதனை ஏந்திக் கொண்டன. தெலுங்கில் முதல் திகம்பரத் தொகுதி வந்த அதே 1965-இன் தொடக்கத்தில், தமிழக மாணவர் மொழிக்காகத் தெருவில் நின்றனர். சினத்துக்கு மேடை கிடைத்த நாட்டில் அது கவிதைக்குள் புகும் தேவை குறைகிறது போலும். 1971-இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' பறந்தபோதுதான் புதுக்கவிதை தெருவைப் பாடத் தொடங்கிற்று. அதற்குள் தெலுங்கில் திகம்பர இயக்கம் முடிந்தே போயிருந்தது.

இவ்வளவும் நமக்கு அண்மையில் நிகழ்ந்தன. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்து எல்லை வகுக்கப்பட்டபின், எல்லையின் இப்பக்கத்தில் நின்ற நாம் தமிழ் இதழ்களைத் தபாலில் வருவித்துப் படித்தோம். 'எழுத்து' நின்றுபோனதற்கு வருந்தினோம். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் தொங்கிய தெலுங்கு இதழ்களைப் புரட்டியும் பார்த்தோமில்லை. பேச்சுத் தெலுங்கு நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துத் தெலுங்கை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தோடு நிறுத்திவிட்டோம். அமெரிக்கக் கவிஞரைப் பற்றி ஆங்கில நாளிதழ் வழியே அறிந்த நம்மில் பலர், ஹைதராபாத் கவிஞரை அறியாமல் இருந்தோம்.

கின்ஸ்பர்க் 1971 செப்டம்பரில் மீண்டும் கல்கத்தா வந்தார். இம்முறை அவர் பார்த்தது சுடுகாட்டை அன்று. கிழக்கு வங்கத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் மழையிலும் சேற்றிலும் கிடந்த ஜெசோர் சாலையைப் பார்த்தார். அதுபற்றி எழுதிய நெடும்பாட்டை எதுகையோடும் மெட்டோடும் அமைத்தார். மூச்சையே யாப்பாகக் கொண்டவர், பசித்த குழந்தைகளைப் பாடும்போது நாட்டுப்புறச் சந்தத்துக்குத் திரும்பியது ஆராயத்தக்கது. 1997-இல் அவர் மறைந்தார். ஃபெர்லிங்கெட்டி நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2021-இல் மறைந்தார்.

திகம்பரருள் நக்னமுனி பின்னர் எழுதிய 'கொய்யகுர்ரம்', அதாவது மரக்குதிரை, என்னும் நெடுங்கவிதையை இம்மலரைப் படிக்கும் இல்லங்களுக்குப் பரிந்துரைக்கிறோம். 1977 நவம்பர் 19-ஆம் நாள் கிருஷ்ணா நதி முகத்தில் திவிசீமையைப் புயலும் கடலும் விழுங்கியதைப் பற்றியது அது. இயற்கையின் சீற்றத்தைவிட, அதன்பின் மனிதர் நடந்துகொண்ட விதத்தையே அது மிகுதியாகச் சாடுகிறது. திகம்பர நாட்களின் வசைச்சொற்கள் அதில் இல்லை. ஓலம் மட்டும் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பயிலும் பேரப்பிள்ளை அதனை உரக்கப் படிக்கட்டும்; தமிழ் மட்டுமே படித்த தாத்தாவும் பாட்டியும் அருகில் அமர்ந்து கேட்கட்டும். அகராதி அதிகம் தேவைப்படாது. அதற்கு ஒரு வாரம் முன்பு, அதே நவம்பர் 12-ஆம் நாள், நாகப்பட்டினத்தில் கரையேறிய புயலில் உறவினரை இழந்தவர்களும் வீட்டை இழந்தவர்களும் நம் குடும்பங்களில் இருக்கக்கூடும்.